ஓடிப்போன தலைமை எழுத்தர்

எங்கள் எடைக்கல் முத்திரை அலுவலகத்தில் ஓடக்கூடியது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மின்விசிறி. அதுவும் தன் இஷ்டத்துக்குத்தான் ஓடும். மற்றபடி நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பவர்கள். கடைக்காரர்கள் தராசையும் எடைக்கற்களையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாங்கள் சரிபார்த்து முத்திரை குத்துவோம். கனம் அவர்களிடம், நாற்காலி எங்களிடம். இந்த ஏற்பாட்டில் யாரும் குறை கண்டதில்லை. குறை கண்டவர்களின் தராசு கொஞ்சம் தாமதமாகத் திரும்பிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி அமைதியாக இருந்த அலுவலகத்துக்குப் புதிய அதிகாரி வந்து சேர்ந்தார். ஏதோ பயிற்சி முகாமிலிருந்து நேராக வந்திருந்தார். மடிப்புக் கலையாத கால்சட்டை, அதற்குக் கீழே கிளிப்பச்சை நிறத்தில் ஓட்டக் காலணி. நின்ற இடத்திலேயே லேசாகக் குதித்துக்கொண்டிருந்தார். அவசரம் போலிருக்கிறது என்று நினைத்து வாசற்காவலர் கழிவறைச் சாவியை நீட்டிவிட்டார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. "இவ்வலுவலகப் பணியாளர் அனைவரும் நாள்தோறும் பணி தொடங்குமுன் வளாகத்தைச் சுற்றி ஓடுதல் வேண்டும். ஓடுவதோடு நில்லாமல், அதில் மகிழ்ச்சியும் அடைதல் வேண்டும். மகிழாதோர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

தட்டச்சு அக்காதான் முதலில் சந்தேகம் கேட்டார். "ஓடுவதோடு நில்லாமல்னா என்ன சார்? ஓட ஆரம்பிச்சா நிக்கவே கூடாதா?"

"நிக்கலாம்மா. ஆனா மகிழ்ச்சியோட நிக்கணும்."

"மகிழ்ச்சி வந்துடுச்சுன்னு எப்படி சார் தெரியும்?"

அதிகாரி இதை எதிர்பார்த்திருந்தார் போலும். உடனே ஒரு விளக்கச் சுற்றறிக்கை தயாரானது. மகிழ்ச்சி என்பது ஓடி முடிக்கும் இடத்தில் பணியாளரின் பற்கள் வெளியே தெரிதல் என்று அதில் வரையறுக்கப்பட்டிருந்தது. மேல்வரிசைப் பற்கள் போதுமானவை. பல்செட் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் சலுகை ஏதும் கிடையாது.

ஓடத் தொடங்கினோம். கட்டடத்தின் முன்பக்கம் மட்டும் ஓடினால் போதும் என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டோம். பின்பக்கம், பறிமுதல் செய்த கள்ளத் தராசுகளைக் கொட்டி வைத்திருக்கும் இடத்தில் எல்லோரும் உட்கார்ந்துகொள்வோம். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, குழாய்த் தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொண்டு, பல்லைக் காட்டியபடி மறுபக்கம் வெளியே வருவோம். அதிகாரி கைதட்டுவார். நாங்கள் மகிழ்ந்துவிட்டதாகப் பதிவாகும்.

இந்த ஏற்பாட்டில் சேர முடியாதவர் ஒருவர்தான். எங்கள் தலைமை எழுத்தர். அவரைத் தூண் என்று கூப்பிடுவோம். அலுவலகத்தைத் தாங்குபவர் என்று அவர் அதற்குப் பொருள் வைத்துக்கொண்டார். இடத்தை விட்டு அசையாதவர் என்பது நாங்கள் வைத்த பொருள். பாவம், கட்டடத்தின் மூலைவரைகூட அவரால் ஓட முடியவில்லை. அதனால் முழு நேரமும் அதிகாரியின் கண் முன்னால்தான் இருந்தார். பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு எட்டு ஓடுவார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மறுபடி இரண்டு எட்டு.

ஓடும்போது மகிழாமைக்கு விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. அவர் நேர்மையானவர். "ஐயா, மகிழ்ச்சி அடைய முயன்றேன். மூச்சு அடைத்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்தார்.

விளக்கம் ஏற்கப்படவில்லை. மாத முடிவுக்குள் மகிழாவிட்டால் எங்கோ கோடியில் இருக்கிற கிளை அலுவலகத்துக்கு மாற்றல் என்று அதிகாரி சொல்லிவிட்டார். தூணுக்கு உயிரே போய்விட்டது. அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். தெருவில் பாதிப் பேருடைய அளவு அந்த அம்மாவின் தலைக்குள் இருந்தது. இதை விட்டுவிட்டு எங்கே போவது?

ஆகவே தூண் விடியற்காலையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் தனியாக ஓடிப் பழகத் தொடங்கினார். மனைவி வாசலில் நின்று பார்த்தார்.

"என்னங்க, இது ஓட்டமா? பாருங்க, அந்தப் பெரியவர் தடி ஊனிக்கிட்டே உங்களைத் தாண்டிப் போறாரு."

"போகட்டும்டி. அவருக்கு ஆபீஸ் இல்ல."

வேகம் வரவில்லை என்பதால் வேகத்தை விட்டுவிட்டார். நடப்பதற்கும் ஓடுவதற்கும் நடுவில் ஒரு மாதிரி குலுங்கிக் குலுங்கிப் போனார். அப்படிப் போகும்போது மூச்சு அடைக்கவில்லை. பேசக்கூட முடிந்தது. பேச ஆள் இல்லாததால் அதிகாரியைத் திட்டினார். அவருடைய காலணியிலிருந்து தொடங்கி, பயிற்சி முகாம், சுற்றறிக்கை, பல்வரிசை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திட்டிக்கொண்டே ஓடினார். திட்டு தீர்வதற்குள் தெரு தீர்ந்துவிட்டது. அடுத்த தெருவுக்குப் போனார்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். என் இடம் அவர் பக்கத்திலேயே.

"தம்பி, ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லாதே."

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"இன்னிக்குக் காலைல ஓடிட்டே இருந்தேன். அந்த ஆளைத் திட்டலாம்னு பார்த்தா திட்டு வரல. எல்லாத்தையும் திட்டி முடிச்சுட்டேன் போல. ஆனாலும் கால் பாட்டுக்கு ஓடுது. காத்து மூஞ்சியில அடிக்குது. ஒரு நாய் கூடவே வந்தது. எனக்குப் பயமாயிருக்கு தம்பி."

"நாய்க்கா?"

"நாய்க்கு இல்லப்பா. எனக்கு இது பிடிச்சுப்போச்சு."

அரசுப் பணியில் இத்தனை காலம் இருந்த ஒருவருக்கு, ஆணையிட்ட ஒன்று பிடித்துப் போவதென்றால் சும்மா இல்லை. நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

மாத முடிவில் சோதனை நாள் வந்தது. அதிகாரி முடிவுக் கோட்டில் நின்றார். நாங்கள் எல்லோரும் பற்களோடு வந்து சேர்ந்தோம். கடைசியாகத் தூண் வந்தார். குலுங்கிக் குலுங்கி, பாதி மூடிய கண்ணோடு, யாரோ காதில் நல்ல செய்தி சொல்லிக்கொண்டே வருகிற மாதிரி ஒரு முகம். முழுச் சுற்றையும் நிற்காமல் ஓடியிருந்தார். எங்கள் அலுவலக வரலாற்றிலேயே கட்டடத்தின் பின்பக்கத்தை ஓடிக் கடந்த முதல் மனிதர் அவர்தான்.

"பற்கள் எங்கே?" என்றார் அதிகாரி.

"உள்ளேதான் சார் இருக்கு."

"மகிழ்ச்சி?"

"அதுவும் உள்ளேதான் சார்."

"உள்ளே இருந்தா நான் எப்படிய்யா சரிபார்க்கிறது? இன்னொரு சுத்து போங்க. இந்தத் தடவை வெளியே கொண்டு வாங்க."

தூண் சந்தோஷமாக இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினார். அங்கேதான் விபரீதம் நடந்தது. வாசற்கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் மர நிழலோடு நேரான சாலை. திரும்ப வேண்டிய இடத்தில் தூண் திரும்ப மறந்துவிட்டார். ஓட்டம் பிடித்தவர், ஓட்டம் பிடித்தார்.

வாசலில் யார் வந்தாலும் போனாலும் எழுதி வைக்க வேண்டியது வாசற்காவலரின் கடமை. அவர் கண்ணால் கண்டதை அப்படியே எழுதுபவர். "தலைமை எழுத்தர் ஓடிப்போனார்" என்று எழுதினார்.

இலக்கணப்படி இதில் ஒரு பிழையும் இல்லை. அவர் ஓடித்தான் போனார். ஆனால் அலுவலக நடைமுறையில் ஓடிப்போதல் என்பது வேறு. பொறுப்பில் இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் தலைமறைவானால் அதற்கென்று தனி விதி, தனிக் கோப்பு, தனி நிறத்தில் நாடா. தேநீர் வருவதற்குள் தூண் திரும்பி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் கோப்பு கிளம்பிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் கோப்பு கிளம்புவதே அபூர்வம். கிளம்பியதை நிறுத்தும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

விதிப்படி, ஓடிப்போனவரின் இருக்கையில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டினோம். தூண் கொஞ்சம் முன்னால் குனிந்து இடம் கொடுத்தார். பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். நல்ல மனிதர்.

வீட்டுக்கும் கடிதம் போனது. "தங்கள் கணவர் ஓடிப்போய்விட்டார் என்பதை இவ்வலுவலகம் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறது." அவர் மனைவி அதை உரக்கப் படித்தபோது, தூண் பக்கத்தில் நின்று முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரோடங்க?" என்றாராம் அந்த அம்மா.

"தனியாத்தான்."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போய்விட்டாராம்.

அலுவலகத்தில்தான் சிக்கல் முற்றியது. ஒரு மளிகைக்காரர் தராசும் எடைக்கல்லுமாக வந்து தூண் முன்னால் நின்றார். "இவர் கையெழுத்து செல்லாது, இவர் ஓடிப்போயிட்டார்" என்றார் தட்டச்சு அக்கா.

"இதோ உக்காந்திருக்காரேம்மா!"

"உக்காந்திருக்கிறவர் கையெழுத்து உங்களுக்கு எதுக்கு? தலைமை எழுத்தர் கையெழுத்துதான் வேணும். அவர் ஓடிப்போயிட்டார்."

"அப்ப இவரு யாரு?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லைங்க."

மளிகைக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். எடைக்கல் கையில் இருந்ததால் ஒரு கையால்தான் பிடிக்க முடிந்தது.

விஷயம் கைமீறிப் போவதை உணர்ந்த அதிகாரி, தூணைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாங்களும் கதவோரம் நின்றோம். அதிகாரி அன்பாகத்தான் பேசினார். "ஒரே வரி எழுதிக் கொடுங்க போதும். ‘நான் ஓடவில்லை, சற்று விரைவாக நடந்தேன்.’ ஓடலைன்னா ஓடிப்போகலை. கோப்பை மூடிடலாம். இல்லேன்னா வேலையே போயிடும்."

"எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்று நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஜாடை காட்டினோம். தூண் காகிதத்தை வாங்கினார். பேனாவைத் திறந்தார். ஓர் எழுத்துகூட எழுதாமல் மூடினார்.

"சார், நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினவன் இல்ல. பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம்னா எல்லாரோட சட்டையையும் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிப்பேன். இந்த வயசுலதான் முதல் தடவையா ஓடியிருக்கேன். அதைப் போய் நடந்தேன்னு எழுதச் சொல்றீங்களே! வேற எது வேணும்னாலும் எழுதறேன். திருடினேன்னுகூட எழுதறேன். நடந்தேன்னு மட்டும் எழுத மாட்டேன்."

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. என்ன செய்வது, அலுவலகத்தில் பிரியத்தைக் காட்ட வழியில்லை. இருமிக்கொண்டேன்.

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஓடிப்போனவரைச் சக பணியாளர்கள் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்றிருந்தது. "அப்ப பிடிச்சுடலாம்" என்று நான் கையை நீட்டினேன்.

"அவசரப்படாதீங்க" என்றார் அதிகாரி. "இப்ப நின்னுகிட்டு இருக்கார். நிக்கிறவரைப் பிடிச்சா ஓடிப்போனவரைப் பிடிச்சதா ஆகாது. தணிக்கையில மாட்டிப்போம். ஓடும்போதுதான் பிடிக்கணும்."

"அதுக்கென்ன சார், காலைல ஓடறேன். வந்து பிடிச்சுக்கோங்க" என்றார் தூண்.

மறுநாள் விடியற்காலை அவர் வீட்டு வாசலில் எங்கள் அலுவலகமே திரண்டு நின்றது. மேற்பார்வைக்கு அதிகாரியும் வந்திருந்தார். மளிகைக்காரரும் கல்லோடு வந்திருந்தார். ஓடிப்போனவர் அகப்பட்டால் அங்கேயே கையெழுத்து வாங்கிவிடலாம் என்று அவர் கணக்கு. தூண் வெளியே வந்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, ஓடத் தொடங்கினார். துரத்தினோம்.

அவர் வேகத்துக்கு அவரை எட்டிப் பிடிப்பது ஒரு வேலையே இல்லை. தெருமுனையிலேயே தட்டச்சு அக்காவின் கை அவர் சட்டைக் காலருக்குப் பக்கத்தில் போய்விட்டது. அப்போதுதான் அக்காவுக்கு ஒரு நல்ல சந்தேகம் வந்தது. என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"பிடிச்சா, அப்புறம் என்ன செய்யணும்?"

"பிடிச்சவங்கதான் அறிக்கை எழுதணும்கா. எங்க பிடிச்சீங்க, எப்படிப் பிடிச்சீங்க, எந்தக் கையால பிடிச்சீங்க, அந்தக் கைக்கு யார் அனுமதி கொடுத்தாங்க. அப்புறம் விசாரணை. சாட்சி. எல்லாத்துக்கும் நகல்."

அக்கா சூடு பட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஒருவரும் தூணைத் தொடவில்லை. முந்திப் போனால் துரத்துவதாக ஆகாது. நின்றுவிட்டால் கடமை தவறியதாக ஆகும். ஆகவே எல்லோரும் அவருக்கு ஒரு கை தூரம் பின்னால், அவர் வேகத்திலேயே, குலுங்கிக் குலுங்கி ஓடினோம். அந்த வேகத்தில் மூச்சு வாங்கவில்லை. மூச்சு வாங்காததால் பேச்சு வந்தது. அக்கா தன் மகளுக்குக் கணக்கு வராததைச் சொன்னார். மளிகைக்காரர், "ஒழுகுற குழாய்க்கு வாஷரை மாத்துங்க, போதும்" என்று வாசற்காவலருக்கு யோசனை சொன்னார். முன்னால் ஓடிய தூண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே, அவ்வப்போது திரும்பித் தானும் ஒரு வார்த்தை போட்டார். குற்றவாளிக்கும் துரத்துகிறவர்களுக்கும் நடுவில் அவ்வளவு சுமுகமான உறவை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

தினமும் துரத்தினோம். ஆற்றுப் பாலம் வரை, பிறகு பாலத்தைத் தாண்டி. மழை பெய்த ஒரு நாள் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துப் போனால், எல்லோரும் வந்திருந்தார்கள், நனைந்துகொண்டு, சிரித்துக்கொண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. விடிவதற்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிடும். அலுவலகம் போவதற்காக நான் எழுந்தது கிடையாது. இப்போது ஓடுவதற்காக எழுந்தேன். பல் தெரிந்ததா என்று கேட்காதீர்கள். யார் கவனித்தார்கள்?

பாலத்தின்மேல் ஒரு நாள் அதிகாரி அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "உண்மையைச் சொல்லட்டுமாம்மா? எனக்கு ஓடவே பிடிக்காது. மேலேருந்து பிடிக்கணும்னு சொன்னாங்க. அதான் குதிச்சுக்கிட்டே இருந்தேன். இப்பதான் கொஞ்சம் பிடிக்குது."

"யாருக்கும் சொல்லிடாதீங்க சார்" என்றார் அக்கா. "சொன்னா விதி போட்டுடுவாங்க."

யார் சொன்னார்களோ தெரியாது, செய்தி மேலே போய்விட்டது. ஓர் அலுவலகமே மனமுவந்து ஓடுகிறது என்று கேட்டு மேலிடம் பூரித்துப் போனது. தூண் மீதிருந்த குற்றச்சாட்டு ரத்தானது. அதோடு விட்டார்களா? ‘ஓட்ட அலுவலர்’ என்று ஒரு புதிய பதவியை உண்டாக்கி, அதைத் தூணுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆணையை நேரில் கொடுக்க வேண்டும் என்றிருந்ததால், அதிகாரி அதை விடியற்காலையில் தூண் வீட்டு வாசலிலேயே படித்துக் காட்டினார்.

"தனி அறை, குளிர்சாதனம், சுழல் நாற்காலி!" அதிகாரிக்குக் குரல் தழுதழுத்தது.

தூண் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். "நாற்காலியில எப்ப உக்காரணும் சார்?"

"விடிஞ்சதிலேருந்து பொழுது சாயுற வரைக்கும். எல்லாக் கிளைகள்லேருந்தும் ஓட்ட அறிக்கை வரும், பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

"அப்ப ஓடறது எப்ப?"

"நீங்க எதுக்கு ஓடணும்? நீங்க ஓட வைக்கிறவரு!"

தூண் நிமிர்ந்து எங்களை எல்லாம் ஒரு தரம் பார்த்தார். வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையை அசைத்தார். "வரேன்" என்று சொல்லிவிட்டுத் தூண் ஓடினார். அதுவரை நாங்கள் பார்க்காத வேகம். தெருமுனையில் திரும்பி மறைந்தே போனார். வாசற்காவலர் எழுதியது அன்றுதான் உண்மையானது.

நாங்களும் பின்னாலேயே போயிருப்போம், பேசிக்கொண்டே. ஆனால் அதிகாரி ஆணையின் கடைசி வரியையும் படித்துத் தொலைத்தார். "மேற்படி நபர் பதவியை ஏற்காதபட்சத்தில், அவரை அடுத்து ஓடி வந்து அலுவலகத்தை முதலில் அடைபவருக்கு இப்பதவி வழங்கப்படும்."

ஒரு கணம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த கணம் கிளம்பினோமே ஒரு ஓட்டம்! அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் வாசற்காவலரை முழங்கையால் தள்ளினேன். ஓர் எழுத்தர் இன்னொரு எழுத்தரின் காலணியை மிதித்துக் கழற்றினார். மளிகைக்காரருக்கு இந்தப் பதவியில் சம்பந்தமே இல்லை, ஆனாலும் கல்லைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சிரைத்து, பல்லைக் கடித்து, கண் பிதுங்க ஓடினோம். "பிரமாதம்! எல்லாருக்கும் பல் தெரியுது!" என்று கத்திக்கொண்டே அதிகாரியும் பின்னால் ஓடி வந்தார்.

நான்தான் ஜெயித்தேன்.

இதைச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நல்ல நாற்காலி. விடியற்காலையில் வந்தால்தான் வருகிற அறிக்கைகளைப் பார்த்து முடிக்க முடிகிறது. தூண் வேலையை விட்டுவிட்டு மனைவியின் கடையில் பொத்தான் தைக்கிறார். காலையில் இருவரும் சேர்ந்தே பாலம் வரை ஓடுகிறார்கள் என்று கேள்வி. அவரைத் துரத்த இப்போது ஆள் இல்லை. எங்கள் ஆட்கள் அடுத்த பதவி எப்போது காலியாகும் என்று தனித்தனியாக, வேகமாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஓடிப் பழகுகிறார்கள்.

சென்ற வாரம் ஓடாத அலுவலர்களின் பெயர்களைத் திரட்டி விளக்கம் கேட்டேன். எனக்கும் ஒரு மெமோ வந்தது. கையெழுத்து என்னுடையதுதான். "ஐயா, பணிச்சுமை காரணமாக ஓடவும் மகிழவும் இயலவில்லை" என்று மிகப் பணிவாக எழுதி எனக்கே அனுப்பினேன். நன்றாகப் பரிசீலித்தேன். இம்மாதிரிச் சாக்குகளை ஏற்றால் நிர்வாகம் என்னாவது? "விளக்கம் ஏற்கத்தக்கதல்ல. தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நகல்: இதை உட்கார்ந்தபடியே படித்து முடித்த அனைவருக்கும்.